பின் பாக்கெட் வைத்த பேண்ட்

எதிர்வரிசையில் இருக்கும் தையல்கூடத்தில் மெஷின்கள் ஓடுகிற சத்தத்தை வைத்தே அங்கே என்ன நடக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். பட்டனும் நூலும் ஜிப்பும் விற்கிறவனுக்கு மதியத்துக்கு மேல் வேறென்ன வேலை? எல்லா மெஷினும் ஒன்றாக ஓடினால் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. ஒன்றிரண்டு மட்டும் இழுத்து இழுத்து ஓடினால் மழைக்காலம், ஆர்டர் இல்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்று சிரிப்புச் சத்தம் கேட்டால், வேன்காரி வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

கூடத்தை நடத்துகிறவளைத் தெருவே அக்கா என்று கூப்பிடுகிறது. என்னைவிட இளையவள்தான், நானும் அக்கா என்றே கூப்பிடுகிறேன். நீளமான கட்டிங் மேஜையில் சீருடைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, அவள் கத்தரியைப் போடும்போது ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அவள் புருஷன் இஸ்திரி போடுகிறவர். எல்லோருக்கும் மாமா. நல்ல மனுஷன். ஆனால் எதையும் யாரிடமும் கேட்காமல் செய்துவிட்டு அப்புறம் திட்டு வாங்குவது அவர் ஜாதகம். தலை நன்றாகச் சீவியிருந்தால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி என்பது அவர் கட்சி. சீவுவதற்கு அவர் தலையில் ஒன்றும் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

அக்காவின் தம்பிதான் அவசரம். அது பட்டப்பெயர். பெரிய பெரிய விளம்பரப் பலகைகளுக்குச் சாரத்தில் ஏறிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். நின்றுகொண்டே சாப்பிடுவான், நடந்துகொண்டே சட்டை மாற்றுவான். பேண்ட்டின் பின் பாக்கெட்டில் ஒரு கறுப்புச் சீப்பு எப்போதும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். வாக்கியத்தின் நடுவில் அதை உருவி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மிச்சத்தைப் பேசுவான். ஒருநாள் சாரக் கயிறு அறுந்து விழுந்ததில் கழுத்தில் அடி. உயிர் தப்பியது. தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டு மேலே எழும்பும். விரல்கள் அசையாது. மார்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது.

இப்போது கட்டிங் மேஜையின் தலைமாட்டில் வீல்சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறான். உள்ளங்கையில் ஒரு பட்டை, பட்டையில் போன். பள்ளிக்கூடம், ஹோட்டல், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்து ஆர்டரும் அவன் வாயால் வருவதுதான். அவசரம் என்ற பெயரை விட்டுவிடலாமா என்று அக்கா ஒருமுறை கேட்டதற்கு, "இருக்கட்டும்க்கா, அந்தப் பேராவது ஓடிட்டு இருக்கட்டும்," என்றான்.

வேன்காரி துணிக்கட்டுகளைக் கொண்டுவருவாள், தைத்ததை எடுத்துப்போவாள். தோள் பலத்தில் ஆண்பிள்ளைகளுக்குச் சளைத்தவள் இல்லை. அவள் வேனில் கட்டு ஏற்றச் சாய்பலகை ஒன்று இருந்தது. அதில் வீல்சேரும் ஏறும் என்று கண்டுபிடித்தது அவள்தான். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை அவசரத்தைப் பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போவது அவள் வேலையாகிவிட்டது. துணிக்கட்டைக் கட்டுகிற பட்டையாலேயே வீல்சேரை நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவாள். போகிற வழியெல்லாம் இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். திரும்பி வரும்போது அந்தச் சண்டையின் மிச்சத்தோடு வருவார்கள்.

மையத்தில் கையால் சுற்றுகிற சைக்கிள் மாதிரி ஒன்று உண்டு. அதைச் சுற்றும்போது நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று பார்க்க ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். கூடத்துப் பெண்கள் அதற்கு மீட்டர் என்று பெயர் வைத்தார்கள். மற்றவர்கள் கையைச் சுற்றினால் எண் பறந்துகொண்டு ஏறுமாம். இவன் வேர்க்காமல் விறுவிறுக்காமல் எவ்வளவு சுற்றினாலும் அது சோம்பேறி மாதிரி கொஞ்சம் நகர்ந்துவிட்டு உட்கார்ந்துகொள்ளுமாம். ஏன் என்று நான் கேட்டேன். வேன்காரி டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"டாக்டர்கிட்ட கேட்டேன் பட்டன்காரரே. நெஞ்சுக்கு ரெண்டு லைன் போகுதாம். மெதுவாப் போன்னு சொல்ற லைன் மூளையிலேர்ந்து தனியா இறங்குது, அதுக்கு ஒண்ணும் ஆகலை. வேகமாப் போன்னு சொல்ற லைன்தான் முதுகுத்தண்டு வழியாப் போகுது. இவனுக்குக் கழுத்துல அது கட் ஆயிடுச்சு. பிரேக் இருக்கு, ஆக்சிலேட்டர் வயர் இல்லை."

"ஆக்சிலேட்டர் இல்லாம வண்டி எப்படிம்மா ஓடும்?"

"பிரேக்கை விட்டா கொஞ்சம் நகரும்ல, அந்த அளவுக்கு ஓடும். மேடு ஏறச் சொன்னாதான் திணறும்."

"என்னைப் பத்திப் பேசறியா, உன் ஓட்டை வேனைப் பத்திப் பேசறியா?" என்றான் அவசரம்.

"என் வேன் உன்னைவிட நல்ல கண்டிஷன்."

அக்கா சாக்பீஸைக் கீழே வைத்தாள். "சிரிங்க சிரிங்க. கீழ எங்கயாவது அழுத்தினாலோ குத்தினாலோ இவனுக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும். ரத்த அழுத்தம் எங்கயோ போயிடும். மூஞ்சி சிவந்து வேர்த்து மண்டை இடிக்கும். நெஞ்சு மட்டும் பிரேக்கைப் போட்டுக்கிட்டு மெதுவாயிடும். உடனே என்னன்னு தேடலைன்னா ஆளே போயிடுவான்னு சொல்லியிருக்காங்க. மூத்திர டியூப் மடங்கினாப் போதும், வந்துடும்."

அதற்காகத்தான் அவனுக்கு அவள் தனிப் பேண்ட் தைத்துவந்தாள். பின்னால் தையல் முடிச்சு கிடையாது, பாக்கெட் கிடையாது, இடுப்பில் மெத்தென்ற எலாஸ்டிக், ஒரு அளவு தொளதொள. மையத்தில் மற்றவர்களும் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தார்கள்.

வம்பு மீட்டரில் ஆரம்பித்தது. வேன் ஹாரன் கேட்டால் அவசரம் அண்ணனுக்கு எண் எவ்வளவு ஏறும் என்று தையல் பெண்கள் டீக்குப் பந்தயம் கட்டினார்கள். ஹாரன் கேட்டது. எல்லா மெஷினும் நின்றது. நாலு தலை அவன் மணிக்கட்டின் மேல் குனிந்தது. எண் அசையவே இல்லை.

"என்னண்ணே இது, வேன் வந்தாலும் இஸ்திரிப்பெட்டி வந்த மாதிரியே இருக்கீங்க!" என்றாள் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற பெண்.

அவனும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு சரியில்லை என்று எனக்கு அப்போதே பட்டது.

அந்த வாரம்தான் வேன்காரி கேட்டுவிட்டாள். மையத்திலிருந்து திரும்பி, வீல்சேரின் பட்டையை அவிழ்த்துக்கொண்டே, "என்னைக் கட்டிக்கிறியா?" என்றாளாம். அவன், "எந்தப் பட்டையால?" என்று கேட்டிருக்கிறான். அவள் சிரிக்கவில்லை. அதனால் அவனும் நிறுத்திவிட்டு, "சனிக்கிழமை சொல்றேன்," என்றிருக்கிறான்.

அன்று சாயங்காலமே என் கடை வாசலில் வீல்சேர் வந்து நின்றது. தெருவைத் தாண்டி அவனே மணிக்கட்டால் தள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

"பட்டன்காரரே, நீங்க அண்ணியைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி பார்த்தப்போ நெஞ்சு அடிச்சுதா?"

"அடிச்சுது. ஆனா பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்திருந்தேன். அதுக்கு அடிச்சுதா இதுக்கு அடிச்சுதான்னு இன்னிக்கு வரைக்கும் தீரலை."

"விளையாடாதீங்க. எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க? படபடன்னு அடிக்குது, தொண்டை வரைக்கும் வருதுன்னு. அவ வந்தா எனக்கு நல்லா இருக்கு. போனா நல்லா இல்லை. அவ்வளவுதான். நெஞ்சு பாட்டுக்கு இருக்கு. இது அதுதானா, இல்ல ஒருத்தி நல்லாப் பாத்துக்கிறாளேங்கற சொகமா? தெரியாமலே சரின்னு சொல்லி அவளை ஏமாத்திட்டா?"

நான் பட்டன் விற்கிறவன். சிவப்புச் சட்டைக்கு எந்தப் பட்டன் பொருந்தும் என்று கேட்டால் சொல்லுவேன். "சனிக்கிழமைக்குள்ள தெரிஞ்சிடும்டா," என்று என்னவோ சொல்லி அனுப்பிவைத்தேன். மனசு கேட்கவில்லை. அவள் மாதிரி ஒருத்தி ஒருவனுக்கு இரண்டாவது தரம் கிடைக்கமாட்டாள். அவன் அதைத் தெரிந்துகொண்டே, நியாயம் பார்க்கிறேன் என்று கைவிட்டுவிடுவானோ என்று பயமாக இருந்தது.

அக்காவுக்கு இந்தச் சந்தேகம் எதுவும் தெரியாது. சனிக்கிழமை என்றால் சம்மதம் என்று அவளாக முடிவு கட்டிவிட்டாள். வேன்காரியையும் என்னையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். நல்ல சாம்பல் நிறத் துணியை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"அக்கா, ஒரே ஒரு நாளைக்கு," என்றான் தம்பி. "நின்னு போடற மாதிரி பேண்ட் தச்சுக் குடு. பொத்தான், பெல்ட்டு, பின் பாக்கெட்டு, எல்லாம் வெச்சு."

"உக்காந்திருக்கறவனோட பின் பாக்கெட்டை யாருடா பாக்கப்போறாங்க?"

"எனக்குத் தெரியும்ல, இருக்குன்னு."

அவள் ஒரு நிமிஷம் இன்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டியபடியே நின்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனாலும் தைத்தாள். பாக்கெட்டின் உள்துணியை இருப்பதிலேயே மெல்லியதாகப் பார்த்து எடுத்தாள். அந்தப் பாக்கெட்டுக்குப் பட்டன் வைக்கவில்லை. ஓரத் தையலைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காகிதம் மாதிரி ஆக்கினாள். "சும்மா பேருக்கு ஒண்ணு," என்று என்னிடம் காட்டினாள். கையால் தடவிப் பார்த்தேன், இருப்பதே தெரியவில்லை. அப்படி ஒரு வேலை.

சனிக்கிழமை காலையிலிருந்து மழை. கூடத்துக்குள் உருளைக்கிழங்கு வறுபடுகிற வாசனையும், ஈரத்துணியில் இஸ்திரி போடுகிற வாசனையும் கலந்து வந்தது. லீவு நாளானாலும் தையல் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். பிசிறு வெட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார்கள். மாமா மச்சானைக் குளிப்பாட்டி, பேண்ட் மாட்டி, தலை சீவி, வீல்சேரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். சொல்லக்கூடாது, கண்ணு பட்டுவிடும், அப்படி இருந்தான்.

நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அவன் முகம் சிவக்க ஆரம்பித்தது. மேல்நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"வெட்கத்தைப் பாருங்க!" என்றாள் காஜா பெண்.

மாமா குனிந்து மீட்டரைப் பார்த்தார். "மூஞ்சிதான் சிவக்குது, உள்ள ஆளு எப்படி நிதானமா இருக்கான் பாரு. ஐம்பதுக்கும் கீழ! இந்த மாதிரி ஒரு மாப்பிள்ளையை நான் பார்த்ததே இல்லை."

கூடத்தின் பின்னாலிருந்த அடுப்படியில் அக்காவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"தலை வலிக்குதாடா?"

"இடிக்குதுக்கா. ரொம்ப."

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே மூச்சு. அக்கா டியூபைப் பார்த்தாள், மடங்கவில்லை. மூத்திரப் பையைப் பார்த்தாள், சரியாக வடிந்துகொண்டிருந்தது. பெல்ட்டை அவிழ்த்தாள், பொத்தானைக் கழற்றினாள், ஷூவை உருவி எறிந்தாள், சாக்ஸையும் உருவினாள். மீட்டர் இன்னும் இறங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தான். நான் மையத்து நர்ஸுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "படுக்கவைக்காதீங்க, நிமிர்த்தியே வையுங்க. உக்காந்திருக்கற இடத்துல என்ன இருக்குன்னு பாருங்க. கிடைக்கலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க," என்றாள் அவள். உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆளை அப்படியே நிமிர்ந்தவாக்கில் தூக்க வேண்டும். காலையில் ஆளைத் தூக்கி உட்காரவைத்ததிலேயே மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது, எனக்கு வயசு, மற்றவர்கள் சின்னப் பெண்கள்.

அக்கா தன் போனை எடுத்து வேன்காரியைக் கூப்பிட்டாள். "எங்கம்மா இருக்கே? சீக்கிரம் வா, இவனுக்கு..."

"சீக்கிரம்னு சொல்லாதே!" என்று கத்தினான் அவசரம். கண் திறக்கவில்லை. "மெதுவா வரச் சொல்லு. பாலத்துல தண்ணி நிக்கும். அவ டயர் தேஞ்சு கிடக்கு."

"வாயை மூடுடா!"

"மெதுவா வரச் சொல்லுக்கா! எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லு!" விரல் மடங்காத கையை வீசி அவள் போனைத் தட்டிவிடப் பார்த்தான். தலை வெடிக்கிறவன் செய்கிற காரியமா அது?

நல்லவேளை, அவள் பாலத்தை எப்போதோ தாண்டி, தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தாள். ஈரச் செருப்போடு உள்ளே ஓடிவந்தாள். பின்பக்கமாகப் போய் அவன் அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்து மார்போடு கோத்தாள். "அக்கா, முட்டியைப் பிடிங்க. ஒண்ணு, ரெண்டு, தூக்கு!"

அவன் மேலே வந்தான். நான் கையைவிட்டுத் தடவினேன். இருக்கையில் ஒன்றுமில்லை. பேண்ட்டில் கெட்டியாக என்னவோ பட்டது. பின் பாக்கெட்டுக்குள்ளிருந்து உருவினேன்.

கறுப்புச் சீப்பு. பழைய சீப்பு. இரண்டு பல் உடைந்திருந்தது.

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் இஸ்திரி மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாக்கெட் இருந்துச்சு," என்றார். "விழுந்த அன்னிக்கு அவன் பேண்ட்லேர்ந்து எடுத்து வெச்சிருந்தேன். இத்தனை வருஷமா எங்கிட்டதான் இருக்கு. இன்னிக்கு மறுபடியும் பாக்கெட் வந்துடுச்சேன்னு... சீப்பு இல்லாம அவன் எங்கயும் போனதில்லையேம்மா."

அவரைத் திட்ட அக்கா வாய் திறந்தாள். திட்டு வரவில்லை. அழுகைதான் வந்தது.

சீப்பு போனதும் அவன் முகத்தின் சிவப்பு இறங்க ஆரம்பித்தது. வேர்வை நின்றது. தலைவலி ஒவ்வொரு படியாகக் கீழே போகிறது என்று அவனே சொன்னான். மீட்டர் பழையபடி தன் சோம்பேறி எண்ணுக்கு வந்து உட்கார்ந்தது. நர்ஸ் போனிலேயே காத்திருந்து, தலைவலியும் சிவப்பும் தணிந்ததைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, பட்ட இடத்தைப் பார்க்கச் சொன்னாள். தோலில் சீப்பின் பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. புண் இல்லை, சிவப்புதான். அது மறைகிறவரைக்கும் உட்காரக்கூடாது, ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும் என்றாள்.

எங்கே படுக்கவைப்பது? கட்டிங் மேஜைதான். சீருடைத் துணியை மெத்தை மாதிரி அடுக்கி, அவனை ஒருக்களித்துப் போட்டு, பேண்ட்டைக் கழற்றிவிட்டு, மேலே நீலத்துணியைப் போர்த்தினோம். வறுத்த உருளைக்கிழங்கும் முட்டையும் சூப்பும் அவன் தலையைச் சுற்றி வந்து அமர்ந்தன. நாங்களும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டோம். பயம் தெளிந்த வயிற்றுக்குப் பசி எப்படி எடுக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. மாமா மட்டும் தட்டைத் தொடவில்லை.

வேன்காரி ஒரு வாய் அவனுக்கு, ஒரு வாய் தனக்கு என்று ஊட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "சனிக்கிழமை."

"பேண்ட்டே இல்லாம இருக்கேன்," என்றான் அவன்.

"பதில் சொல்றதுக்குப் பேண்ட் எதுக்கு?"

அவன் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நீ உள்ள ஓடி வந்தப்போகூட இந்த மீட்டர் ஏறலை. இறங்கித்தான் கிடந்துச்சு. எல்லாருக்கும் அவங்க நெஞ்சு சொல்லிடுது, இதுதான்டா அதுன்னு. எனக்குச் சொல்ற வயர் இல்லை. நான் எதை வெச்சு உனக்குச் சரின்னு சொல்லட்டும்? தப்பாப் போச்சுன்னா நீ என்ன பண்ணுவே?"

அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் சூப்பைப் பார்த்தேன்.

வேன்காரி கையைத் துடைத்துக்கொண்டாள். "மண்டை இடிக்கும்போது போன்ல என்ன கத்தினே?"

"நான் என்ன கத்தினேன்?"

"அக்கா, நீங்க சொல்லுங்க. எனக்குப் பாதிதான் கேட்டுது."

"மெதுவா வரச் சொல்லு, பாலத்துல தண்ணி நிக்கும், டயர் தேஞ்சிருக்குன்னு. போனையே தட்டிவிடப் பார்த்தான் படுபாவி."

"நான்... அது மழைங்கறதால சொன்னேன்," என்றான் அவன்.

"உயிர் போற நேரத்துல," என்றாள் வேன்காரி. "உயிர் போற நேரத்துல ஒருத்தன் என் டயரைப் பத்திக் கவலைப்பட்டிருக்கான். எனக்கு அப்பா அம்மா கவலைப்பட்டிருக்காங்க, வேன் முதலாளி வேனுக்காகக் கவலைப்பட்டிருக்கார். இப்படி யாரும் பட்டதில்லை. நெஞ்சு ஓடினா எனக்கென்ன, உக்காந்தா எனக்கென்ன? இதுக்கு மேல என்ன மீட்டர்யா வேணும் உனக்கு?"

அவன் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கிச் சீருடைத் துணியை நனைத்தது.

"அப்ப இதுதானா அது?"

"இதுதான்."

"இவ்வளவு அமைதியாவா இருக்கும்?"

"உனக்கு இப்படித்தான் இருக்கும். எனக்கு வேற மாதிரி இருக்கு. வேணும்னா தொட்டுப் பாரு." அவன் கட்டைவிரல் பக்கத்தில் மட்டும் தொட்டால் தெரியும். அந்தப் பக்கத்தை எடுத்துத் தன் கழுத்தோரம் வைத்துக்கொண்டாள். அவன் கண் பெரிதானது.

"அம்மாடி! என்ன இப்படி ஓடுது?"

"அதான். ஒரு வீட்டுக்கு ஒண்ணு ஓடினாப் போதும்."

"சரி," என்றான் அவசரம். "சம்மதம். ஆனா டயரை மாத்தணும்."

தையல் பெண்கள் போட்ட கூச்சலில் தெருவில் குடையோடு போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா எழுந்து போய், லீவு நாள் என்றும் பாராமல், ஒரு மெஷினில் உட்கார்ந்து துணியே இல்லாமல் ஓட்டினாள். அவளுக்கு அழுகையை மறைக்க அதுதான் வழி. சத்தம் அடங்கியதும் இஸ்திரி மேஜைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"இப்ப நான் சாப்பிடலாமா?"

பதிவு அலுவலகத்துக்குப் போன நாளில் நானும் சாட்சிக் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். வேனுக்குப் புது டயர். அவசரத்துக்கு அதே சாம்பல் நிறப் பேண்ட். பின் பாக்கெட்டைப் பிரித்து, அதே துணியில் சட்டையின் மார்புப் பக்கம் ஒரு பை வைத்துத் தைத்திருந்தாள் அக்கா. சீப்பு அதிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

மீட்டரை அன்றைக்கு மாமா கட்டியிருந்தார். "இனிமே அவனை எவனும் அளக்கக்கூடாது," என்று தானே கழற்றி மாட்டிக்கொண்டார். உள்ளே எங்களைக் கூப்பிட்டதுமே எண் எகிறி அது கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. மாமாவின் வழுக்கையில் வேர்வை ஓடியது. அதிகாரி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, "பதட்டப்படாதீங்க சார். நீங்கதானே மாப்பிள்ளை?" என்றார்.

அறையே சிரித்தது. சிரித்து முடியட்டும் என்று அவசரம் காத்திருந்தான். வேன்காரி அவன் கையில் பேனாவைப் பட்டை போட்டுக் கட்டினாள், வீல்சேரைக் கட்டுகிற அதே முடிச்சு. அவன் குனிந்து, தோளால் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினான். முடிக்க ரொம்ப நேரம் ஆனது. அதுவரைக்கும் மாமாவின் கையில் மீட்டர் நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது. யாரும் அதை அணைக்கச் சொல்லவில்லை.